அந்தப் பதிவேட்டில் எங்கள் கையெழுத்து இருக்காது

மதிப்பிற்குரிய துணைவேந்தர், பதிவாளர், ஆட்சிக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

உங்கள் சுற்றறிக்கையை என்னால் படிக்க முடியவில்லை.

நான் பார்வையற்றவள். உங்கள் பல்கலைக்கழகத்தில்தான் தமிழில் முதுகலையும் முனைவர் பட்டமும் முடித்தேன். இப்போது ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். சென்ற வாரம் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் உங்கள் சுற்றறிக்கை வந்தது. விரல் பட்டதும், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் டாக்பேக் செயலி "படம்" என்றது. அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தாளில் அச்சடித்து, கையொப்பமிட்டு, முத்திரை குத்தி, பிறகு ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கியிருக்கிறீர்கள். அப்படிச் செய்தால் அதில் எழுத்து இருக்காது. எழுத்தைப் பிடித்த போட்டோதான் இருக்கும். திரை வாசிப்பானுக்கு அது வெறும் சுவர்.

மதிய இடைவேளையில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். "பொருள்: சம வாய்ப்பு மையத்தை இணையவழி மாணவர் சேவைத் தளத்துடன் இணைத்தல், தொடர்பாக" என்று ஆரம்பித்தாள். "பயனாளர் வருகை மிகக் குறைவாக இருப்பதாலும்" என்ற இடத்தில் நிறுத்தினாள். "மிஸ், இது நீங்க படிச்ச எடந்தானே?" என்று கேட்டாள். ஆமாம்மா, மேலே படி என்றேன். மாற்றுத்திறனாளி, திருநர், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு உதவும் அந்த மையத்தின் அறை புத்தொழில் மையத்துக்கு ஒதுக்கப்படுகிறது. தொகுப்பூதிய ஒருங்கிணைப்பாளரின் பணிக்காலம் நீட்டிக்கப்படாது. பயன்பாட்டில் இல்லாத மின்னணுப் பொருட்கள் ஏலத்துக்கு. ஒன்றரைப் பக்கத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

வருகை குறைவு என்று எதை வைத்துச் சொன்னீர்கள் என்று உள்ளே வேலை பார்ப்பவர்களிடம் விசாரித்தேன். வாசலுக்குப் பக்கத்து மேசையில் கிடக்கும் வருகைப் பதிவேட்டை எடுத்து, மாதத்துக்கு எத்தனை கையெழுத்து என்று எண்ணினார்களாம்.

அந்த நோட்டு எனக்கு நன்றாகத் தெரியும். நீளமான கணக்கு நோட்டு, மூலையில் சணலில் கட்டிய பேனா. நான் படித்த காலத்தில் அந்த அறைக்குப் போகாத வேலைநாள் ஒன்றிரண்டு இருந்தால் அதிகம். அந்த நோட்டில் நான் போட்ட கையெழுத்தோ பத்தைத் தாண்டாது. கட்டம் எங்கே தொடங்குகிறது என்று யாராவது என் விரலைப் பிடித்து வைத்தால்தான் நான் கையெழுத்துப் போட முடியும். அதற்கென்று ஒருவரைத் தேடுவதா, நாளைய வகுப்புக்குப் படிப்பதா? பார்வையற்றவர்கள் வந்துபோகும் இடத்தில் கண்ணால் பார்த்து நிரப்ப வேண்டிய நோட்டை வைத்துவிட்டு, அது காலியாக இருக்கிறது என்று அறையைப் பூட்டுகிறீர்கள்.

கண் தெரிந்தவர்களும் அதில் எழுதவில்லை. எனக்கு இரண்டு வருடம் பின்னால் படித்த திருநங்கை ஒருத்திக்குச் சான்றிதழில் ஒரு பெயர், அவளுடைய பெயர் வேறு. எதை எழுதினாலும் யாராவது கேள்வி கேட்பார்கள் என்று அவள் எதையும் எழுதியதில்லை. கல்வராயன் மலையிலிருந்து வந்த தம்பி ஒருவன், இந்த அறையில் பெயர் எழுதினால் வார்டனுக்குத் தெரிந்து உதவித்தொகையை நிறுத்திவிடுவார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டதை நம்பிக்கொண்டு, நோட்டு இருக்கும் பக்கமே போகமாட்டான். அந்தப் பதிவேட்டில் ஒழுங்காகத் தேதி போட்டு, பதவி எழுதி, கையெழுத்தும் போட்டவர்கள் ஒரே கூட்டத்தார்தான்: மையத்தைப் பார்வையிட வந்த குழுக்கள்.

நீங்கள் எண்ணியது அவர்களை.

நீங்கள் ஒதுக்கிக் கொடுத்திருக்கும் அந்த அறை எப்படிப்பட்டது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. அதனால் சொல்கிறேன். பழைய நூலகக் கட்டடத்தின் பின்புறம், தரைத்தளம். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் ஓடும் சத்தத்தை வைத்தே வழி கண்டுபிடித்துவிடலாம். மூன்று கணினிகள், ஒரு ஸ்கேனர், பஞ்சு பிய்ந்த ஹெட்போன்கள், ஆறு புள்ளி விசைகள் கொண்ட பெர்க்கின்ஸ் பிரெயில் தட்டச்சு ஒன்று. கனத்த விலை கொடுத்து வாங்கிய பிரெயில் அச்சு இயந்திரமும் உண்டு; அதற்கான தடித்த தாளை வாங்க யாருக்கும் தோன்றாததால் நான் இருந்தவரை அது உறை போர்த்திக்கொண்டு தூங்கியது. தடவிப் பார்த்தால் தூசி விரலில் ஒட்டும். அதை வேண்டுமானால் தாராளமாக ஏலம் விடுங்கள்.

மற்றபடி அறை என்றால் அக்காதான். சுற்றறிக்கையில் 'தொகுப்பூதிய ஒருங்கிணைப்பாளர்' என்று நீங்கள் எழுதியிருப்பவர். பதினொரு மாதத்துக்கு ஒருமுறை ஆணை புதுப்பிக்கப்பட்டு, சில நேரம் மூன்று மாதச் சம்பளம் சேர்ந்தாற்போல வந்து, அப்போதும் காலை எட்டரைக்குக் கதவைத் திறந்து வைத்திருப்பவர். அவர் செய்த வேலை இன்னதென்று எந்தப் பணி விவரப் பட்டியலிலும் இருக்காது. அதனால் ஒன்றிரண்டைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் துறையில் பாடக்குறிப்புகள் எல்லாம் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். கண்ணால் பார்ப்பவருக்கு அது தமிழ். கணினியின் வயிற்றுக்குள் இருப்பதோ ஆங்கில எழுத்துகள். மேலே தமிழ்ச் சட்டை போட்டிருக்கும், அவ்வளவுதான். திரை வாசிப்பான் சட்டையைப் பார்க்காது. முதுகலை முதல் வாரம், ஆசிரியர் அனுப்பிய கோப்பைத் திறந்து, என்விடிஏ என்ற திரை வாசிப்பானை ஓடவிட்டு, காதில் ஹெட்போனை மாட்டினேன். முதல் சொல்லே "ஜே கே பி ஓ செமிகோலன்" என்றது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கணினி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அக்கா வந்து திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அது 'தமிழ்'ங்கிற வார்த்தைம்மா" என்றார்.

தமிழ் எம்.ஏ. படிக்க வந்தவளுக்குத் 'தமிழ்' என்ற சொல் இப்படித்தான் காதில் விழுந்தது. எந்தக் கணினிக்கும் தமிழ் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறையை ஏற்றுக்கொண்டு 2010ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு அரசு ஆணையிட்டுவிட்டது. ஆணை துறை வாசல்வரை வந்து சேரவில்லை போலும். அன்றிலிருந்து ஒவ்வொரு கோப்பையும் எழுத்துரு மாற்றியில் போட்டு, மாறாமல் தங்கிவிட்ட கொம்பையும் காலையும் கையால் சரிசெய்து, அக்கா எங்களுக்குக் கொடுத்தார். இலவச மென்பொருள், பழைய கணினி. செலவு என்று பார்த்தால் அவருடைய கண்தான்.

அச்சு நூல்கள் இதைவிட மோசம். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்பு அச்சான புத்தகங்களில் 'லை', 'னை' போன்ற எழுத்துகளின் வடிவமே வேறு. ஸ்கேன் செய்து, படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் எழுத்துணரியில் போட்டால் அந்த இடங்களில் எல்லாம் ஏதேதோ வந்து விழும். அதனால் அந்தப் புத்தகங்களை யாராவது வாய்விட்டுப் படித்துப் பதிவுசெய்தால்தான் உண்டு. மாலை நாலரை மணிக்கு மேல் இளங்கலைப் பிள்ளைகள் வந்து ஆளுக்கு ஓர் அத்தியாயம் படிப்பார்கள். "இதென்னக்கா, லைக்குத் தும்பிக்கை இருக்கு?" என்று ஒரு பையன் பதிவின் நடுவிலேயே கேட்டது இன்னும் அந்தக் கோப்பில் இருக்கிறது. யானையையும் பார்த்ததில்லை, பழைய லையையும் பார்த்ததில்லை; ஆனாலும் நாங்கள் எல்லோரும் சேர்ந்து சிரித்தோம். என் ஆய்வேட்டின் பாதி நூல்கள் அப்படி என் காதுக்குள் போனவை.

அந்தப் பதிவுகள் முழுவதும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. உங்கள் ஏலப் பட்டியலில் அது 'வன்தட்டு - 1, பழையது' என்று இருப்பதாகக் கேள்விப்பட்டேன். காப்புரிமைச் சிக்கல் வரலாம் என்பதால் பதிவுகளை அழித்துவிடச் சொல்லி வாய்மொழி உத்தரவும் போயிருக்கிறதாம். ஐயா, காப்புரிமைச் சட்டத்தில் 2012இல் கொண்டுவந்த திருத்தம், அச்சைப் படிக்க முடியாதவர்களுக்காக நூல்களை ஒலியாகவோ பிரெயிலாகவோ இலாப நோக்கமின்றி மாற்றிக்கொள்ள வெளிப்படையாக அனுமதிக்கிறது. இதே நோக்கத்துக்கான மாரகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. நாடு முந்திக்கொண்ட விஷயத்தில் நம் பதிவாளர் அலுவலகம் ஏன் பயப்படுகிறது?

தேர்வைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரசு ஆவணங்களில் 'சொல்வதை எழுதுபவர்' என்று இருக்கும். நாங்கள் ஸ்கிரைப் என்போம். இரண்டாம் ஆண்டில் எனக்கு இலக்கணத் தாள். பத்து மணிக்குத் தேர்வு. எட்டே முக்காலுக்கு என் ஸ்கிரைப் போன் செய்து, காய்ச்சல், எழுந்திரிக்க முடியவில்லை என்றாள். நான் விடுதி வராந்தாவில் வெண்கோலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அக்காவுக்கு ஒரு போன். இருபது நிமிடத்தில், மெஸ்ஸில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த முதலாமாண்டு வேதியியல் பிள்ளை ஒருத்தியைக் கையைக் கழுவவைத்து இழுத்துவந்தார். தேர்வுப் பிரிவில் படிவத்தை நீட்டி, ஆளை மாற்ற அனுமதி வாங்கி, ஒன்பது ஐம்பத்தைந்துக்கு எங்களை அறைக்குள் விட்டார்.

அந்தப் பிள்ளை பிளஸ் டூவோடு தமிழை மறந்தவள். 'ஒற்றளபெடை' என்று சொன்னேன். திருப்பிப் படி என்றால் 'ஒட்டளபடை' என்கிறாள். 'அஃறிணை' என்றால், "அக்கா, அந்த மூணு புள்ளி எங்க வரும்?" என்கிறாள். மணிக்கு இருபது நிமிடம் கூடுதல் நேரம் தர வேண்டும் என்பது மத்திய அரசின் வழிகாட்டுதல். மூன்று மணி நேரத் தாளுக்கு ஒரு மணி நேரம். எனக்குக் கிடைத்த அந்த ஒரு மணி நேரமும் எழுத்துக்கூட்டிச் சொல்வதிலேயே போயிற்று. பாதித் தெரிந்தும் எழுதாமல் விட்ட கேள்வி ஒன்று இன்னும் மனதில் இருக்கிறது. ஆனால் தேர்வு எழுதினேன். அக்கா இல்லாவிட்டால் அது அரியர், அரியர் என்றால் ஒரு வருடம், ஒரு வருடம் என்றால் எங்கள் வீட்டில் கல்யாணப் பேச்சு.

இனிமேல் இதற்கெல்லாம் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும், 48 மணி நேரத்துக்குள் பதில் வரும் என்கிறது சுற்றறிக்கை. எட்டே முக்காலுக்கு வந்த காய்ச்சலை 48 மணி நேரம் முன்பே வரச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அந்தத் தளத்தையும் போய்ப் பார்த்தேன், என் வழியில். பயனர் பெயர், கடவுச்சொல் வரைக்கும் பிரச்சினை இல்லை. அடுத்து கேப்ட்சா. வளைந்து நெளிந்த எழுத்துகளைப் பார்த்துத் தட்டச்சு செய்யவேண்டும். ஒலிவடிவம் கிடையாது. நான்கு முறை தப்பாகப் போட்டு, பதினைந்து நிமிடம் பூட்டப்பட்டது. கடைசியில் என் கணவர் பார்த்துச் சொல்லி உள்ளே போனால், 'பிரிவைத் தேர்ந்தெடுக்கவும்' என்று ஒரு பட்டியல்: மாற்றுத்திறனாளி, எஸ்சி/எஸ்டி, பிற. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். நான் பார்வையற்றவள், பட்டியல் சாதியைச் சேர்ந்தவளும்தான். என்னில் எந்தப் பாதிக்கு உதவி வேண்டும் என்று கேட்கிறீர்கள்? திருநர் மாணவர்கள் 'பிற'வாம். இணையவழிச் சேவைகள் மாற்றுத்திறனாளிகளுக்கு எட்டும்படி இருப்பது வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. வங்கிக் கணக்கு, அடையாளச் சரிபார்ப்பு பற்றிய வழக்கு அது. பல்கலைக்கழகத்துக்குத் தனியாக ஒருமுறை சொன்னால்தான் கேட்போம் என்று இருக்கமாட்டீர்கள் என நம்புகிறேன்.

அந்த அறை பார்வையற்றவர்களுக்கு மட்டும் என்று தொடங்கியது. அப்படியே இருந்துவிடவில்லை. எங்கே போவதென்று தெரியாதவர்கள் எல்லாம் அங்கேதான் வந்தார்கள்.

மலைத் தம்பியைச் சொன்னேனே, அவன் வீட்டில் பள்ளியைத் தாண்டியவர் யாரும் இல்லை. மூன்றாவது பருவத்தில் காய்ச்சலில் படுத்து வருகைப்பதிவு குறைந்துவிட்டது. அலுவலகத்தில் "கண்டோனேஷன் கட்டிடு" என்றார்கள். அவன் காதில் விழுந்தது 'டொனேஷன்'. லட்சத்தில் கேட்பார்கள் என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல் பெட்டியைக் கட்டிவிட்டான். பஸ் ஏறுவதற்கு முன்னால், எடுத்திருந்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க அறைக்கு வந்தான். அக்கா பெட்டியைப் பார்த்தார். என்னடா என்று கேட்டார். வருகைக் குறைவுக்கு மன்னிப்புக் கட்டணம், சில நூறு ரூபாய், அவ்வளவுதான் என்று விளக்கி, அவரே கட்டினார். அவன் இப்போது ஒரு வங்கியில் வேலை பார்க்கிறான். முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை கொடுக்கிறது அரசு, அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாயும் கொடுக்கிறது. கண்டோனேஷனுக்கும் டொனேஷனுக்கும் வித்தியாசம் சொல்ல ஒரு ஆள் வேண்டுமல்லவா? அந்தப் பெட்டியை எந்த இணையதளம் பார்த்திருக்கும்?

அந்தத் திருநங்கைத் தங்கைக்கு அறையால் கிடைத்தது இன்னும் எளிமையானது. கழிப்பறை. சக்கர நாற்காலி போகிற மாதிரி அறையை ஒட்டி ஒன்று கட்டியிருந்தார்கள். கதவில் ஆண் படமும் இல்லை, பெண் படமும் இல்லை. முழு வளாகத்திலும் அப்படி இருந்தது அது ஒன்றுதான். காலை ஒன்பது மணிக்கு வந்து மாலை ஐந்து மணிக்குப் போகும்வரை தண்ணீர் குடிக்காமல் இருந்து பழகியவள், அந்தக் கழிப்பறையைக் கண்டுபிடித்த பிறகுதான் வகுப்பில் தண்ணீர் பாட்டில் வைக்க ஆரம்பித்தாள். இதை என்னிடம் அவளே சொன்னாள், சாதாரணமாக, மழை வருகிறது என்று சொல்வதைப் போல.

திருநர்களின் கல்வி உரிமையை உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15இல் ஒப்புக்கொண்டது. பாகுபாடின்றி எல்லோரையும் உள்ளடக்கிய கல்வி தர வேண்டும் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் கல்வி நிறுவனங்களுக்குச் சொல்கிறது. திருநர் மாணவர்களின் உயர்கல்விச் செலவை ஏற்பதாக 2024-25 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசும் அறிவித்தது. கட்டணத்தை அரசு கட்டும். கழிப்பறையை யார் கட்டுவது? கட்டிய ஒன்றும் இனிப் புத்தொழில் மையத்தின் விருந்தினர்களுக்காம்.

எல்லாமே புனிதமாக நடந்தது என்று நான் சொல்லவில்லை. அங்கே அரட்டை அடித்தோம். டீ வாங்கிவரச் சொல்லி இளையவர்களை விரட்டினோம். ஒருவர் காதலுக்கு இன்னொருவர் தூது போனதும் உண்டு. காது கேளாத மாணவர்கள் இரண்டு பேர் வந்தபோது, சைகைமொழி தெரிந்தவர் யாரும் இல்லாமல், எங்களுக்குக் கண் இல்லாமல், அவர்களுக்குக் காது இல்லாமல் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கடைசியில் கணினியில் அவர்கள் தட்டச்சு செய்ய, என்விடிஏ எங்களுக்குப் படிக்க, நாங்கள் தட்டச்சு செய்ய, அவர்கள் திரையில் படிக்க, சண்டைகூடப் போட்டோம். அவர்களுக்கு வகுப்பில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அக்கா கொடுத்த மனுவுக்கு இன்றுவரை பதில் இல்லை. அவர்கள் இருவரும் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டார்கள். அந்த அறையாலும் முடியாதவை இருந்தன.

கல்வி நிறுவனங்களுக்குத் தர மதிப்பெண் போடும் நாக் குழு வந்த சமயத்தை மறக்க முடியாது. ஏழாவது அளவுகோலில் மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகள் பற்றிய கேள்வி இருந்தது அல்லவா? சாய்தளம், கழிப்பறை, திரை வாசிப்பான், ஸ்கிரைப் வசதி எல்லாம் கேட்டார்கள். குழு வருவதற்குப் பத்து நாள் முன்பு அறைக்குப் பெயிண்ட் வாசனை வந்தது. 'சம வாய்ப்பு மையம்' என்று பித்தளை எழுத்தில் பலகை வந்தது. நான் தடவிப் படித்தேன், 'ய்' மேல் புள்ளி விழுந்துவிட்டிருந்தது. நிர்வாகக் கட்டடத்திலிருந்து அறைவரை தடம் காட்டும் மேடு வைத்த ஓடுகள் பதித்தார்கள். ஆசையோடு வெண்கோலை ஓட்டிக்கொண்டே போனேன். நேரே கொண்டுபோய் ஒரு சிமெண்டுப் பூந்தொட்டியில் முட்டவைத்தது. அழகுக்காக வைத்த தொட்டியாம். முழங்காலில் பட்ட காயம் ஆற ஒரு வாரம் ஆயிற்று.

குழு வந்த அன்று எங்களைச் சலவைத் துணியில் வரவைத்து, கணினிமுன் வரிசையாக உட்காரவைத்தீர்கள். நான் திரை வாசிப்பானில் படித்துக் காட்டினேன். கைதட்டினார்கள். அப்போது வாங்கிய மதிப்பெண்களில் எங்கள் பங்கும் இருக்கிறது. நீங்கள் இன்று பூட்டுவது, அன்று எங்களைக் காட்டி மதிப்பெண் வாங்கிய அறையை.

பணம் இல்லை என்று சொல்வீர்கள். பல்கலைக்கழகங்களின் நிதி நெருக்கடி எனக்கும் தெரியும்; ஓய்வூதியர்கள் வாசலில் நின்ற செய்தியை நானும் கேட்கிறேன். ஆனால் இது புதிதாக ஒன்றைக் கேட்பதல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 உயர்கல்வியில் குறைந்தது ஐந்து விழுக்காடு இடம் ஒதுக்கச் சொல்கிறது. அதே சட்டம், அரசு நிதி பெறும் அல்லது அங்கீகரித்த எல்லாக் கல்வி நிறுவனங்களும் அவரவர் தேவைக்கேற்ற நியாயமான வசதிகளைச் செய்து தரவேண்டும் என்றும் சொல்கிறது. சேர்க்கையோடு கடமை முடியவில்லை. சம வாய்ப்பு மையமும் பாகுபாட்டு எதிர்ப்பு அலுவலரும் ஒவ்வொரு நிறுவனத்திலும் இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2012ஆம் ஆண்டு விதிமுறைகளிலேயே சொல்லியிருக்கிறது. நம் பல்கலைக்கழகத்தில் அந்த அலுவலர் யார்? ஐந்து துறைகளில் விசாரித்தேன். இரண்டு துறையில் அப்படி ஒரு பதவி இருப்பதே தெரியவில்லை. ஒரு துறையில் மூன்று வருடம் முன்பு ஓய்வுபெற்றவரின் பெயரைச் சொன்னார்கள்.

சுற்றிவளைக்காமல் கேட்கிறேன்.

அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். அறை இருந்த இடத்தில், தரைத்தளத்திலேயே, அந்தக் கழிப்பறையோடு சேர்த்துத் திறந்திருக்கட்டும். புத்தொழில் மையத்துக்கு மாடியில் இடம் கொடுங்கள். தொழில் தொடங்குகிறவர்களால் படி ஏற முடியும்.

ஹார்ட் டிஸ்க்கை இன்றே ஏலப் பட்டியலிலிருந்து எடுங்கள். ஒரு பைட்டும் அழிக்கப்படக் கூடாது. இரண்டு நகல் எடுத்து ஒன்றை நூலகத்தில் வையுங்கள். நகலெடுக்கும் செலவைப் பழைய மாணவர்கள் நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். எழுத்தில் உறுதி தருகிறோம்.

அக்காவின் பணியை இந்தக் கல்வியாண்டு முடியும்வரை உடனே நீட்டியுங்கள். அதற்குள் மையத்துக்கு முழுநேர ஒருங்கிணைப்பாளர் பணியிடம் ஒன்றை, ஊதிய விகிதத்தோடு, ஆட்சிக்குழு உருவாக்க வேண்டும். அந்த வேலைக்கு அனுபவத்தைத் தகுதியாகக் கணக்கிட்டால் யார் வருவார் என்று எனக்குத் தெரியும். அதை மறைக்க விரும்பவில்லை.

அடுத்த மாதம் பருவத் தேர்வு. அதற்குள் தேர்வுப் பிரிவே ஸ்கிரைப் பட்டியல் ஒன்றைத் தயாரிக்க வேண்டும். பட்டியலில் இருப்பவர்களுக்கு மதிப்பூதியமும் பேருந்துக் கட்டணமும் கொடுங்கள். தமிழ்த் தாளுக்குத் தமிழ் எழுதத் தெரிந்தவர், கணக்குத் தாளுக்குக் கணக்குக் குறியீடுகள் தெரிந்தவர் என்று பார்த்துப் போடுங்கள். தேர்வு நாள் காலையில் எடுக்கப்படும் தொலைபேசி எண் ஒன்று வேண்டும்.

சுற்றறிக்கை, பாடக்குறிப்பு, வினாத்தாள் எதுவானாலும் யூனிகோடில் இருக்கட்டும். கையெழுத்திட்ட ஸ்கேன் தேவையென்றால் அதையும் வையுங்கள், கூடவே எழுத்துவடிவக் கோப்பையும் அனுப்புங்கள். இணையதளம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கேப்ட்சாவுக்கு ஒலிவடிவம் கொடுங்கள், ஒன்றுக்கு மேற்பட்ட பிரிவைத் தேர்ந்தெடுக்க விடுங்கள், 'பிற'வை எடுத்துவிட்டு எங்களை எங்கள் பெயரால் எழுதுங்கள். வெளியிடுவதற்கு முன் எங்களில் நான்கு பேரைக் கூப்பிட்டு ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பாகுபாட்டு எதிர்ப்பு அலுவலரின் பெயரும் எண்ணும் ஒவ்வொரு துறையின் அறிவிப்புப் பலகையிலும் இருக்க வேண்டும். மையத்தை நடத்தும் குழுவில் மாணவர்களும் இருக்க வேண்டும்: பார்வையற்றவர், காது கேளாதவர், திருநர், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளை. பேராசிரியர்கள் மட்டுமே உட்கார்ந்திருக்கும் குழுவை நாங்கள் ஏற்கமாட்டோம்.

எத்தனை பேருக்குப் பயன்பட்டது என்று தெரிய வேண்டுமென்றால் நோட்டை எண்ணாதீர்கள். எங்களைக் கேளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் பழைய மாணவர்களின் எண்கள் அக்காவிடம் உள்ளன. ஒவ்வொருவரும் பேசத் தயார்.

பதினைந்து நாள் காத்திருப்பேன். பதில் வராவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் இந்த மடலையே மனுவாகக் கொடுப்பேன். மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்து என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே தெரிவிப்பது மரியாதை என்பதால் சொல்கிறேன்.

பதிலை ஸ்கேன் செய்து அனுப்பாதீர்கள். தட்டச்சு செய்து அனுப்புங்கள். நானே படித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் மாணவி, தமிழ்த்துறை